ஈரம் காயாத கோடு

காலை ஆறு ஐம்பத்திரண்டு.

செல்போன் அடித்தது.

வாயில் பற்பசை நுரையோடு எட்டிப் பார்த்தாள் சர்க்குலர் மேடம். திரையில், விமானத் தொழிற்சாலையின் வாசல் செக்யூரிட்டி எண்.

"அக்கா..."

தம்பி.

ஆறு மணி ஷிஃப்டுக்குப் போனவன். விமானம் நிற்கும் ஹேங்கருக்குள் நுழையும்போதே செல்போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். இந்த நேரத்தில் அவன் குரல் கேட்கவே கூடாது.

"என்னடா, குரல் ஏன் இப்படி இருக்கு?"

"மேஸ்திரி செத்துக் கிடக்கார்க்கா."

"எந்த மேஸ்திரி?"

"எங்க பூச்சு மேஸ்திரிதான். விமானத்துக்கு அடியில... பின்மண்டையில அடி. நான்தான் முதல்ல பார்த்தேன்."

"எதையும் தொடாதே. போலீஸுக்குச் சொல்லு."

"வந்துட்டாங்கக்கா. வந்து என் டூல் பெட்டியைத் திறந்தாங்க. உள்ள ரத்தம் பட்ட ஸ்பானர். நான் வைக்கலக்கா... சத்தியமா நான்..."

யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

லைன் செத்தது.

நுரையைத் துப்பக்கூட மறந்து நின்றாள் அவள். அவனுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது ஒரே வருடத்தில் அப்பாவும் போனார், அம்மாவும் போனாள். அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து இந்த வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தது வரை அவனுக்கு எல்லாம் இவள்தான். அவளுக்கும் அவனை விட்டால் நாதி இல்லை.

சரி, இவள் யார்?

அரசாங்கத்தின் ஏற்றுமதி லைசென்ஸ் அதிகாரி. தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே இரண்டு அறை ஆபீஸ். இங்கிருந்து வெளிநாட்டுக்கு ஒரு போல்ட் போவதென்றாலும் இவள் முத்திரை விழ வேண்டும். எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை விடுவாள். எண், தேதி, நகல் யார் யாருக்கு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து எல்லாம் பிசகாமல் இருக்கும். பதினான்கு வருடத்தில் முந்நூற்றுப் பதின்மூன்று. கடைசியாகப் போன மாதம் போனது ஏதோ பெயிண்ட் சமாச்சாரம். அதனால்தான் சர்க்குலர் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர் கிடையாது.

ஹேங்கர் வாசலில் இன்ஸ்பெக்டர் பெப்பர்மின்ட் மென்றுகொண்டிருந்தார்.

"நீங்கதான் அக்காவா?"

"ஆமா. என் தம்பி எங்கே?"

"ஜீப்ல இருக்கான். பயப்படாதீங்க, அடிக்கல. அடிக்காமலே அழறான்." பெப்பர்மின்ட் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. "மேடம், எனக்கு விமானம் தெரியாது. பஸ்ஸுலயே ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடற ஆளு நான். அதோ, அந்த வயித்துக்கு அடியில நாலு குமிழ் இருக்கே, அது என்ன? ஆளாளுக்கு அதைப் பத்தியே குசுகுசுன்னு பேசறாங்க."

கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். தூரத்தில் சாம்பல் நிறத்தில் அந்தப் போர் விமானம். அதன் கீழே வெள்ளைத் துணி மூடிய ஓர் உருவம். துணிக்கு வெளியே ஒரு பழைய செருப்பு மட்டும்.

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இது ஸ்டெல்த் விமானம் சார். உடம்பு வடிவத்தாலயும் மேல பூசற பூச்சாலயும் ராடார்ல சிட்டுக்குருவி அளவுதான் தெரியும். அந்த அளவு எவ்வளவுங்கறதுதான் ரகசியம். அதனால வெளிநாட்டுக்காரங்க முன்னாடி பறக்கறப்போ அந்தக் குமிழை மாட்டிடுவோம். அது ராடார் அலையைத் திருப்பி அடிக்கும். குருவி, பஸ் மாதிரி தெரியும்."

"ஓஹோ... முக்காடு."

"அப்படித்தான். வாங்கறவங்க முன்னாடியும் முக்காட்டை எடுக்க மாட்டோம். போர் வந்தாத்தான் கழட்டணும்."

"முகத்தைப் பார்க்காமலே கல்யாணமா? தைரியசாலிங்கதான்." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப என் கணக்கைக் கேளுங்க. ஒருத்தன் குமிழைக் கழட்டிட்டா, எதிரி நாட்டுக்காரன் வெளியில ராடாரை வச்சு நிஜ அளவை எடுத்துடலாம். சரியா?"

"எடுக்கலாம்."

"உங்க தம்பி வேலை குமிழ் மாட்டறது, கழட்டறது. காலையில கழட்டறான். மேஸ்திரி பார்த்துடறார். ஒரே போடு. பதறிப் போய் நாலையும் திருப்பி மாட்டிடறான். திருகு இறுக்கினதும் பெயிண்டால குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவாங்களாமே?"

"ஆமா. அப்புறம் யாராவது திருகைத் தொட்டா கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும்."

"நான் ஆறரைக்கு வந்து தொட்டுப் பார்த்தேன். நாலு கோடும் ஈரம் காயல. அப்போ இன்னிக்குக் காலையில மாட்டினதுதானே? குமிழ் பதிவேட்டுல நேத்துப் பக்கத்தையும் காணோம். கிழிச்சிருக்கான். ஸ்பானர் அவன் பெட்டியில. தேசத்துரோகம் பிளஸ் கொலை. இதுக்கு மேல வக்கீல் என்ன செய்வார்... சாமி கும்பிடுவார்."

அவள் ஹேங்கர் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹேங்கருக்குள்ள காலையில வேற யாரு வந்தாங்க?"

"வாசல் நோட்டுல கையெழுத்து ரெண்டுதான். அஞ்சே காலுக்கு மேஸ்திரி. அஞ்சு அம்பத்தெட்டுக்கு உங்க தம்பி."

ஒரு பியூன் ஓடி வந்தான்.

"மேடம், டைரக்டர் உடனே வரச் சொன்னார்."

விற்பனை டைரக்டரின் அறை, ஏசி குளிரில் பிணவறை போலச் சில்லிட்டிருந்தது. சோபாவில் வாங்கும் நாட்டுத் தூதுக்குழுவின் தலைவர், நரைத்த மீசையும் சாந்தமான முகமுமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கண்ணாடி மேஜையில் வைக்காமல், அங்கே கிடந்த ஒரு பழுப்புக் கவரின் மேல் வைத்தார். அந்தக் கவரில் ஏற்கெனவே ஏழெட்டுக் காபி வட்டங்கள்.

சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் துருப்பிடித்த பழைய டூல் பாக்ஸ். வருகிற எல்லாத் தூதுக்குழுவிடமும் டைரக்டர் அதைக் காட்டி ஒரே வசனம் சொல்வார்.

இப்போதும் சொன்னார்.

"நான் ஸ்பானர் பிடிச்சு வந்தவன் சார். இந்தக் கையால முந்நூறு விமானம் இறுக்கியிருக்கேன்."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தோம்," என்றார் தலைவர். "நாங்க வாங்கப்போறோம்னு பேப்பர்ல வந்ததிலிருந்து எங்க பக்கத்து நாட்டுக்காரங்க சரியாத் தூங்கறதில்லையாம்."

சிரித்தார்கள்.

டைரக்டர் அவளை ஜன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. மேஸ்திரி எனக்கு அண்ணன் மாதிரி. ஆனா, பதினோரு மணிக்குப் பறந்து காட்டணும். பன்னிரண்டுக்கு ஒப்பந்தம். இருபத்திநாலு விமானம். உங்க முத்திரை மட்டும்தான் பாக்கி."

"என் தம்பி போலீஸ் ஜீப்ல இருக்கான் சார்."

"அதுக்குத்தான் சொல்றேன். ஒப்பந்தம் நல்லபடியா முடிஞ்சா நான் மேல பேசறேன். தேசத்துரோகம்ங்கற வார்த்தையை எடுத்துடலாம். ஏதோ கைகலப்பு, கால் தவறிட்டார்... சின்ன வயசு, அஞ்சாறு வருஷத்துல வெளிய வந்துடுவான்."

"முடியலேன்னா?"

அவர் ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

"பத்து மணிக்குள்ள சொல்லுங்க மேடம்."

அவள் மாடிப்படி இறங்கினாள். பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூட ஒரு காகிதத்தைப் படிக்காமல் அவள் முத்திரை குத்தியதில்லை. இன்றைக்குக் குத்தினால் என்ன? தம்பி உயிர் பெரிதா, முத்திரை பெரிதா?

தம்பிதான்.

குத்திவிடலாம் என்றே முடிவு செய்துகொண்டு ஜீப்பை நெருங்கினாள்.

தம்பி கம்பிக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

"அக்கா, இந்தக் கையால நான் அவரை அடிப்பேனாக்கா? தொழில் சொல்லிக் கொடுத்தவர்க்கா..."

அவள் அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

நகக்கண் எல்லாம் நீலம்.

"இது என்னடா?"

"கோடு போடற பெயிண்ட். சோப்புப் போட்டாலும் போகாது. எல்லாம் உன் புண்ணியம்தான்." அழுகைக்கு நடுவிலும் அவனுக்குக் கிண்டல் வந்தது. "ஹேங்கர்ல பதினோரு பேருக்கும் ஒரு மாசமா இதே நகம்தான்."

பக்கத்தில் வந்து நின்ற இன்ஸ்பெக்டர், நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

அவள் அதையே பார்த்தாள்.

வெள்ளைக் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு தீற்றல்.

"சார்... அது ரத்தமா?"

"சேச்சே. அந்தக் கோட்டைத் தொட்டேன்னு சொன்னேனே, அந்தப் பெயிண்ட். வீட்டுல இதுக்கு வேற நான் வாங்கிக் கட்டிக்கணும்."

"நாலு குமிழ்லயும் சிவப்புக் கோடா?"

"நாலும்தான். ஏன் மேடம், மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

"என்னோட வாங்க."

"எங்கே?"

"என் ஆபீஸுக்கு. ஒரு சர்க்குலர் காட்டணும்."

"இப்பவா?" என்றார் இன்ஸ்பெக்டர் பரிதாபமாக.

அலமாரியில் கோப்பு அதனதன் இடத்தில் இருந்தது. அவள் தேடவே இல்லை. கையை விட்டாள், எடுத்தாள்.

"சுற்றறிக்கை எண் முந்நூற்றுப் பதின்மூன்று. படிங்க."

இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்தார்.

"'ஏற்றுமதி விமானங்களின் திருகுகளில் இனி நீல நிறக் கோடு மட்டுமே இடப்பட வேண்டும். சிவப்புப் பெயிண்ட் முழுவதும் ஸ்டோரில் ஒப்படைக்கப்பட வேண்டும்...' ஏன் மேடம், சிவப்பு என்ன பாவம் பண்ணிச்சு?"

"நம்ம நாட்டு விமானத்துக்குச் சிவப்பு, வெளிநாட்டுக்குப் போறதுக்கு நீலம். கலந்துடக் கூடாதுன்னு போட்டேன். இந்த ஹேங்கர்ல ஏற்றுமதி விமானம் மட்டும்தான். ஹேங்கர் ஆளுங்க பதினோரு பேரும் படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இது சிவப்பு டியூப் நாப்பதையும் ஸ்டோர்ல ஒப்படைச்ச ரசீது. ஒப்படைச்சது யாருன்னு பாருங்க."

"உங்க தம்பி."

"ஹேங்கர்ல இப்ப ஒரு சிவப்பு டியூப்கூடக் கிடையாது சார். என் தம்பி மாட்டியிருந்தா நீலக் கோடுதான் போட்டிருப்பான். மாட்டினவன் வேற. அவனுக்கு இந்த வேலை அத்துப்படி. கொலை பண்ண கையோட, நடுங்கிக்கிட்டே மாட்டறப்பவும் கோடு போடாம அவனால நகர முடியல. அவ்வளவு வருஷப் பழக்கம். ஆனா, அவன் என் சர்க்குலரைப் படிக்கல."

இன்ஸ்பெக்டரின் வாயில் பெப்பர்மின்ட் நின்றுவிட்டது.

"பழைய ஆளு. இப்ப ஹேங்கர்ல வேலை செய்யாத ஆளு. வாசல் நோட்டுல கையெழுத்துப் போடாத ஆளு..."

"டைரக்டர் ஸ்பானர் பிடிச்சு மேல வந்தவர். அவருக்கு வாசல்ல கையெழுத்து கிடையாது சார்."

"ஆனா ஏன்? விக்கப் போறவர் அவர். ரகசியம் போனா அவருக்குத்தானே நஷ்டம்?"

அவளுக்கும் அதுதான் புரியவில்லை. மேஜையில் சாய்ந்தாள். கை தபால் தட்டில் பட்டது.

தட்டில் பிரிக்காத கவர் ஒன்று.

மேலே நடுங்கும் கையெழுத்து. பூச்சுப் பிரிவு. நேரம், நேற்று மாலை ஐந்து இருபது.

ஐந்தரைக்கு அவள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது இப்போதுதான் நினைவு வந்தது.

பிரித்தாள். குமிழ் பதிவேட்டிலிருந்து கிழித்த பக்கம் ஒன்று. கூடவே ஒரு கடிதம்.

'மேடம் அவர்களுக்கு வணக்கம். ஏற்றுமதி விமானத்துக்குப் பூசும் மலிவுப் பூச்சு வேலை செய்யவில்லை. மூன்று மாதமாக டைரக்டரிடம் சொல்லி வருகிறேன். இன்று மாலை நாலு பத்துக்கு, நான்கு குமிழ்களையும் நானே கழற்றிவிட்டுச் சோதனைக்குப் பறக்க விட்டேன். விமானியின் கையெழுத்தோடு பதிவேட்டுப் பக்கத்தை இணைத்துள்ளேன். ராடார் அறையில் என்ன தெரிந்தது என்று நீங்களே கேளுங்கள். நாளைக் காலை ஐந்தரைக்கு டைரக்டர் ஹேங்கருக்கு வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் உடன் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.'

கடைசி வரியை அவள் மூன்று தடவை படித்தாள்.

"மேடம்..."

"என் சர்க்குலரை யாரும் படிக்கறதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன் சார்." கடிதத்தை மடித்தாள். "எனக்கு வந்த கடிதத்தை நான் படிக்கல."

இன்ஸ்பெக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவள் ராடார் அறைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ராடார்காரர் கொட்டாவி விட்டார்.

"நேத்து சாயங்காலம் நம்ம விமானம் பறந்துச்சே, ராடார்ல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் இல்லையே மேடம். வழக்கம்போலத்தான்."

"குருவி மாதிரி சின்னதா..."

"குருவியா? குமிழ் மாட்டியிருக்கறப்போ குருவி எங்கேர்ந்து வரும்? எப்பவும் போல பஸ் மாதிரி பளிச்சுன்னு தெரிஞ்சுது."

அவள் போனை வைத்தாள்.



"நேத்து குமிழே இல்ல சார்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ... முக்காட்டுக்குள்ள முகமே இல்லையா?"

டைரக்டர் அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி ஒன்பது ஐம்பது. தலைவர் இரண்டாவது காபியில் இருந்தார்.

"முத்திரை கொண்டு வந்தீங்களா மேடம்?" டைரக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வந்திருக்கேன் சார். அதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டருக்கு உங்க டூல் பாக்ஸைப் பார்க்கணுமாம்."

"அது சும்மா அழகுக்கு..."

"எனக்கும் அழகு பிடிக்கும்," என்றபடியே இன்ஸ்பெக்டர் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார். துருப்பிடித்த ஸ்பானர்கள். மங்கிய திருப்புளிகள். நடுவில் ஒரு சிவப்பு டியூப். துரு இல்லை. மூடி சரியாக மூடவில்லை. முனையில் ஈரம்.

கைக்குட்டையை அதன் அருகே பிடித்தார்.

ஒரே சிவப்பு.

டைரக்டரின் நெற்றியில் அந்த ஏசியிலும் வியர்வை.

"இதுல என்ன இருக்கு? கோடு போடற டியூப். எல்லா மெக்கானிக்கும் வச்சிருப்பான். சிவப்புதானே எப்பவும் போடறது?"

"போன மாசம் வரைக்கும்," என்றாள் அவள்.

"என்ன?"

"இப்ப நீலம் சார். சர்க்குலர் அனுப்பியிருந்தேன். உங்க காப்பி உங்ககிட்டதான் இருக்கு."

"எங்கே இருக்கு?"

அவள் தலைவரின் காபிக் கோப்பையை மெதுவாகத் தூக்கினாள். அடியில் பழுப்புக் கவர். எண் முந்நூற்றுப் பதின்மூன்று. ஒட்டின ஒட்டு அப்படியே இருந்தது.

டைரக்டர் அந்தக் கவரை விரலால் தடவிப் பார்த்தார்.

"குமிழ் இல்லாமப் பறந்தது தெரியக் கூடாதுன்னு, அவர் கழட்டின நாலையும் மாட்டிட்டு ஹேங்கர் பூரா சிவப்பைத் தேடினேன்," என்றார், யாருக்கோ சொல்வது போல. "எங்க பார்த்தாலும் நீலம். வேற எதுக்கோன்னு நினைச்சு மாடிக்கு ஓடி வந்து என்னுதை எடுத்துக்கிட்டுப் போனேன். கோடு போடாம விட மனசு வரல." நிமிர்ந்தார். "நல்லாத்தான் பேசினேன் அவர்கிட்ட. கெஞ்சினேன். ஒப்பந்தம் போனா இந்தத் தொழிற்சாலையே மூடிடுவாங்க, நாலாயிரம் குடும்பம்னு சொன்னேன். 'பொய்யை மாட்டிக்கிட்டு ஒருத்தன் போருக்குப் போவான், அவன் குடும்பத்தை யார் பார்ப்பா'ன்னு கேட்டார். அந்த ஒரு கேள்விதான். என் கையில ஸ்பானர் இருந்துச்சு..."

"அந்த ஸ்பானரை என் தம்பி பெட்டியில வைக்கறப்போ அவன் அக்கா யாருன்னு தெரியுமா சார்?"

"தெரியும். அப்பத்தான் நீங்க முத்திரை போடுவீங்கன்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் அவரை எழுப்பினார்.

"வாங்க சார். ஜீப்ல ஒரு சீட்டு காலியாகுது."

கதவு மூடியது. காலடிச் சத்தம் தேய்ந்தது.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே ஜீப்பின் கதவு திறந்தது. தம்பி இறங்கி, எங்கே நிற்பது என்று தெரியாமல் வெயிலில் நின்றான். உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. ஆனால் ஹேங்கர் வாசலில் அந்த வெள்ளைத் துணியை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள்.

"மேடம்."

தலைவர் இன்னும் உட்கார்ந்தே இருந்தார். காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"லைசென்ஸ் எப்போ கிடைக்கும்?"

அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது.

"சார்... அந்த விமானம் ராடார்ல தெரியும். பூச்சு வேலை செய்யல."

"தெரியும்னு தெரியும். ஆறு மாசமா."

"அப்புறமும் வாங்கறீங்களா?"

"நாங்க வாங்கறது விமானம் இல்லம்மா." அதே சாந்தமான குரல். "பக்கத்து நாட்டுக்காரனோட பயம். நம்ம தலைக்கு மேல எதுவோ கண்ணுக்குத் தெரியாமப் பறக்குதுன்னு அவன் நம்பணும். நம்பினா சண்டைக்கு வர மாட்டான். அதுக்கு இது போதும். குமிழை மட்டும் நல்லா இறுக்கி, கழட்டவே முடியாதபடி அனுப்புங்க."

"அவன் நம்பலேன்னா? உங்க விமானிங்க?"

தலைவர் கோப்பையைக் கவரின் மேல் திரும்ப வைத்தார்.  காலையில் இதே கேள்வியைக் கேட்டவரைத்தான் இப்போது வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கொலையைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க," என்றார். "விமானத்தைப் பத்தி மட்டும் ஒரு வரிகூட வெளிய போகக் கூடாது. போனா, எங்களுக்கு இது வெறும் தகரம்."

அவள் பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். மையில் ஒற்றினாள். மேஜையில் தயாராக இருந்த லைசென்ஸ் தாளில் அழுத்தினாள்.

தலைவர் எட்டிப் பார்த்தார்.

'நிராகரிக்கப்பட்டது.'

அதோடு விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, டைரக்டரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள். சுற்றறிக்கை எண் முந்நூற்றுப் பதினான்கு. பொருள், ஏற்றுமதி விமானத்தின் பூச்சு வேலை செய்யாமை. இணைப்பு, காலஞ்சென்ற பூச்சு மேஸ்திரியின் கடிதம். நகல்...

'நகல்' என்பதற்குக் கீழே பட்டியல் நீண்டுகொண்டே போனது.

முதல்முறையாகத் தலைவரின் முகத்தில் சாந்தம் கலைந்தது.

"யார் யாருக்கு மேடம் காப்பி போகுது?"

"எல்லாருக்கும்தான்." அவள் நிமிராமலே சொன்னாள். "கவலைப்படாதீங்க சார்... என் சர்க்குலரை எவன் படிக்கிறான்?"